விடியலில் எழ மறுத்த கணினி

நுழையும் முன்

மருத்துவரின் முன் அமர்ந்ததும் நோயாளியின் காய்ச்சல் இறங்கிவிடுவதுண்டு. இயந்திரங்களுக்கும் இவ்வாறு நேர்வதுண்டு. இரவெல்லாம் அணைந்திருந்த வீட்டுக் கணினி காலையில் முரண்டு பிடிக்கிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது. பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு சென்றால் முதல் அழுத்தத்திலேயே எழுந்து நிற்கிறது. அத்தகைய கோளாற்றின் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பதே இப்பாடம். இதில் வரும் குடும்பம் கற்பனை. கோளாறும் அதன் காரணங்களும் பல வீடுகளில் உண்மையாகவே காணப்படுபவை.

எல்லையோரத்து வீடு

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று வரையப்பட்ட கோட்டை நாள்தோறும் விடியலில் கடந்து வருபவை தோவாளைச் சந்தையின் பூக்கள். பிச்சியும் அரளியும் மல்லிகையும் மூட்டை மூட்டையாக வந்து, கேரளத்துக் கோவில் வாசல்களில் மாலைகளாகின்றன.

பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துக்கு அப்பூக்களே பிழைப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. தந்தை அதிகாலை மூன்று மணிக்கே தோவாளைக்குப் புறப்படுவார். காலை எட்டு மணிக்கு நெய்யாற்றின்கரையில் அவருடைய கடை திறந்திருக்கும். கடையின் பற்று வரவுக் கணக்கை வீட்டுக் கணினியில் பதிவது ஒன்பதாம் வகுப்பில் படித்த மகளின் பொறுப்பு. ஐந்தரை மணிக்கு எழுந்து முந்தைய நாள் சீட்டுகளை எல்லாம் பதிந்த பிறகே அவள் பாடப் புத்தகத்தை எடுப்பாள்.

ஓணக் காலத்தில் அக்கணக்கு பெருகிவிடும். அத்தம் தொடங்கிப் பத்து நாள்களும் முற்றத்தில் பூக்களம் இடுவது கேரளத்து வழக்கமாதலால், செண்டுமல்லியும் வாடாமல்லியும் எவ்வளவு வந்தாலும் போதா. மன்றங்கள், அலுவலகங்கள், கல்லூரிகள் எனப் பலரும் கடனுக்கு எடுத்துச் செல்வர். அக்கடன்கள் திரும்பி வர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். யார் எவ்வளவு தர வேண்டும் என்னும் பட்டியல் முழுவதும் அந்த ஒரு கணினிக்குள்தான் இருந்தது.

துலா மாதத்து மழை தொடங்கிய வாரத்தில் கணினி முரண்டு பிடிக்கத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும். சிறு விளக்கு எரியும். திரையோ இருண்டே கிடக்கும். அணைத்து மீண்டும் அழுத்தினாலும் அதே நிலை. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ திரையில் எழுத்துத் தோன்றும். சில நாள்களில் பாதி வழியில் உறைந்து நிற்கும். இன்னும் சில நாள்களில் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். தேதி தவறியதால் வங்கியின் இணையப் பக்கமும் திறக்காது. ஆனால் ஏழு மணிக்கு மேல் எந்தக் குறையும் இல்லை. நாள் முழுவதும் எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் உடனே எழும்.

தந்தை ஒருநாள் நண்பகலில் அதனை ஆட்டோவில் ஏற்றிப் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றார். வெயிலில் வந்த பெட்டி முதல் அழுத்தத்திலேயே இயங்கியது. கோளாறு ஏதும் இல்லை என்று சொல்லிச் சோதனைக் கட்டணம் வாங்கிக்கொண்டனர். மறுநாள் காலையில் மீண்டும் இருண்ட திரை. இரண்டாம் முறை சென்றபோது, பெட்டி பழையது, உள்ளிருப்பவை அனைத்தையும் மாற்றுவதே வழி என்றனர். அதற்கு ஆகும் செலவு ஓணக் கடன் வசூலாகாமல் அவர் கையில் இல்லை. கடனை வசூலிக்கவோ கணினி எழ வேண்டும்.

குளிர் நிலை என்பது யாது?

குளிர் என்றதும் இமயமலைச் சாரல் நினைவுக்கு வரக்கூடும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 22 செல்சியசு அளவிலேயே நிற்கும். அது மனிதருக்கு இதமான காலை. கணினியைப் பொறுத்தவரை குளிர் நிலை என்பதற்குப் பொருள் வேறு. மின்சாரம் இன்றிப் பல மணி நேரம் கிடந்து, அதன் உறுப்புகள் அனைத்தும் அறையின் வெப்பத்துக்கே இறங்கிவிட்ட நிலை அது. இயங்கும்போது பெட்டியின் உட்புறம் 40 செல்சியசைத் தாண்டும். மின்வழங்கியின் உள்ளே இன்னும் மிகும். ஆகவே ஐந்தரை மணிக் கணினியும் ஏழு மணிக் கணினியும் உடலளவில் ஒன்றல்ல.

இங்கே ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. இரவு அணைத்துக் காலையில் எழுப்பும்போது இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தே நடக்கின்றன. கணினி அணைந்து எழுகிறது. அதனோடு ஆறவும் செய்கிறது. கோளாறு இவற்றுள் எதனால் என்று பிரித்தறியாதவரை எந்த உறுப்பை மாற்றினாலும் அது குருட்டு முயற்சியே.

அணைந்து எழுவதிலேயே கோளாறு தோன்ற இடம் உண்டு. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு வழக்கில் உள்ளது. அணைக்கும்போது இயக்க முறைமையின் உள்நிலையைக் கணினி வன்தட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. மறுமுறை எழும்போது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்காமல் எழுதி வைத்ததைப் படித்து விரைந்து எழுகிறது. எழுதி வைத்த நிலையில் பிழை இருந்தால் அப்பிழையும் சேர்ந்தே எழும். 'மறுதொடக்கம்' என்பதைத் தேர்ந்தால் மட்டும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அணைத்து எழுப்புவதைவிட மறுதொடக்கமே முழுமையானது என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அணைத்தால் கணினி முழுமையாக அணையும். காலையில் தொல்லை தந்து மறுதொடக்கத்தில் திருந்திவிடும் கணினிகளுள் பலவற்றுக்கு நோய் மென்பொருளில்தான் இருக்கும். ஒரு காசு செலவின்றி அது தீரும்.

மூன்று சோதனைகளும் ஒரு குறிப்பேடும்

மகள் பழைய கணக்கேடு ஒன்றின் கடைசிப் பக்கங்களில் கோடு கிழித்தாள். நாள், நேரம், முந்தைய இரவு சுவரிலுள்ள சுவிட்சு அணைக்கப்பட்டதா, மழை பெய்ததா, எத்தனை முறை அழுத்திய பின் எழுந்தது, தேதி சரியாக இருந்ததா என்பவை அதன் பகுதிகள்.

அவள் முதல் வரியை எழுதுவதற்குள் ஆச்சி ஒரு கேள்வி கேட்டார்.

"ஓணக் கடன் யார் யாரிடம் எவ்வளவு என்று உன் அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரியுமா?"

"தெரியாது, ஆச்சி. எல்லாம் கணினியில்தான் இருக்கிறது."

"அப்படியானால் அது விழித்திருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள். நாளைக்கும் விழிக்கும் என்று யார் சொன்னது?"

கணினியைப் பற்றி ஏதும் அறியாத ஆச்சி சொன்னதைத்தான் கணினி அறிந்தவர்களும் முதலில் சொல்வார்கள். எழுவதற்குத் தடுமாறும் கணினி இன்று எழுந்திருக்கிறது என்றால், அதற்குள் இருப்பதைப் படியெடுக்கக் கிடைத்த வாய்ப்பு அது. சோதனை என்ற பெயரில் பலமுறை அணைத்து எழுப்புவது வன்தட்டுக்கும் நல்லதன்று. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டுகளை ஓய்விலிருந்து அவ்வேகத்துக்குக் கொண்டுவரும் சில நொடிகளில்தான் அது மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கிறது. அன்று மாலையே கணக்குகள் ஒரு பென்டிரைவில் படியெடுக்கப்பட்டன. கடன் பட்டியலைத் தாளிலும் எழுதித் தந்தையின் சட்டைப் பையில் வைத்தாள்.

பிறகு சோதனைகள். கணினி நன்கு இயங்கிய ஒரு மாலையில் மறுதொடக்கம் செய்தாள், தடையின்றி எழுந்தது. அடுத்து, ஷிப்ட் விசையோடு முழுமையாக அணைத்து, ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் எழுப்பினாள், எழுந்தது. மூன்றாவதாக, அதேபோல் முழுமையாக அணைத்து இரவு முழுவதும் விட்டுவைத்தாள். காலையில் நான்கு முறை அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் சோதனைக்கும் மூன்றாம் சோதனைக்கும் இடையே மாறியது ஒன்றே: கணினி ஆறியிருந்தது. நோய் மென்பொருளில் இல்லை என்பது இதனால் பெரும்பாலும் உறுதியாயிற்று.

இந்த இடத்தில் அவள் ஒரு தவறும் செய்தாள். அது பலரும் செய்யும் தவறு. தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, வெள்ளிக்கிழமை மாலையில் தந்தையின் உதவியோடு நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பை அழிப்பானால் துடைத்து மீண்டும் பொருத்தினாள். அன்றே கணினியின் இணைப்பை வேறொரு பிளக் முனைக்கும் மாற்றினாள். சனி, ஞாயிறு இரு நாளும் கணினி ஒரே அழுத்தத்தில் எழுந்தது. வீட்டில் மகிழ்ச்சி. திங்கட்கிழமை காலையில் ஐந்து முறை அழுத்த வேண்டியதாயிற்று.

குறிப்பேட்டில் நேரம் எழுதப்பட்டிருந்ததால்தான் காரணம் புலப்பட்டது. விடுமுறை நாள்களில் அவள் கணினியை எழுப்பியது ஐந்தரை மணிக்கன்று, பத்து மணிக்கு. கிழக்கு வெயில் சன்னல் வழியே பெட்டியின்மேல் விழுந்துகொண்டிருந்த நேரம் அது. துடைத்ததும் பயன் தரவில்லை, இணைப்பை மாற்றியதும் பயன் தரவில்லை. துடைப்பது வீண் வேலை என்று இதற்குப் பொருளில்லை. கடற்கரைக்கு அணித்தான பூவார் போன்ற ஊர்களில் உப்புக் காற்றாலும், மழைக்காலத்து ஈரத்தாலும் தொடுமுனைகளில் படலம் படிவது உண்மை; அவ்வீடுகளில் துடைத்தாலே தீரும் கோளாறுகள் உண்டு. ஆனால் ஒரே மாலையில் இரண்டு மாற்றங்களைச் செய்தவர், நோய் தீர்ந்தாலும் மருந்து எதுவென்று அறிய மாட்டார்.

தேதி தவறும் விந்தை

பன்னிரண்டு நாள் குறிப்புகளை நோக்கியபோது வேறொன்றும் தெரிந்தது. தேதி தவறியது எல்லா நாளும் இல்லை. சுவர் சுவிட்சை அணைத்த இரவுகளுக்கு அடுத்த காலைகளில் மட்டும் தவறியிருந்தது. துலாவர்ஷ மாலைகளில் இடியும் மின்னலும் மிகுதி. பிளக்கைப் பிடுங்கி வைப்பது அப்பகுதி வீடுகளின் பழக்கம், நல்ல பழக்கம். அப்படிப் பிடுங்கிய நாள்களிலெல்லாம் கணினி நாள் மறந்து எழுந்தது.

தாய்ப்பலகையின்மேல் நாணயம் போன்ற ஒரு மின்கலம் இருக்கும். அதன்மேல் சிஆர்2032 என்று பொறித்திருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டது என்பதையே அவ்வெண் சொல்கிறது. சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை, கணினி அணைந்திருந்தாலும் கடிகாரம் அம்மின்சாரத்தில் ஓடும். சுவரில் அணைத்துவிட்டால் இந்த 3 வோல்ட் மின்கலமே கடிகாரத்தைத் தாங்க வேண்டும். அது தீர்ந்தால் நாளும் நேரமும் மறையும். அடிப்படை அமைப்புகளும் மறையலாம். அப்போது எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக் கணினி காத்து நிற்கும். மின்கலத்தைக் கடையில் வாங்கி மாற்றியதும் தேதிக் கோளாறு நீங்கியது.

இருண்ட திரை நீங்கவில்லை. கணினிக்கு ஒரே வேளையில் இரண்டு நோய்கள் இருந்திருக்கின்றன. இரண்டும் காலையிலேயே தோன்றியதால் ஒன்றாகத் தெரிந்தன.

அணையும் மதகும்

எஞ்சிய நோயை அறிய மின்தேக்கி என்னும் சிற்றுறுப்பை அறிய வேண்டும்.

நெய்யாற்றின் குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அணை ஒன்று உண்டு. மழை ஒருநாள் கொட்டும், மறுநாள் பொய்க்கும். அணையோ நீரைத் தேக்கி வைத்துக் கால்வாயில் ஒரே சீராக விடும். மின்தேக்கியும் அவ்வாறே. சுவரில் வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைபோல் ஏறி இறங்குவது. கணினிக்கு வேண்டியதோ அசைவற்ற 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டம். இம்மாற்றத்தைச் செய்யும் பெட்டியே மின்வழங்கி. கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று கேட்டால் தருவார்கள். அதனுள்ளும் தாய்ப்பலகைமீதும் உள்ள மின்தேக்கிகள் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்து மேடுபள்ளங்களைச் சமன் செய்கின்றன.

மின்பகுளி மின்தேக்கி என்னும் வகை சிறிய உருளை வடிவில் இருக்கும். உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகள், இடையே திரவம் தோய்ந்த தாள், எல்லாவற்றையும் பாய்போல் சுருட்டி வைத்த அமைப்பு. இவ்வகை மின்தேக்கிகளைச் செய்யும் கெல்ட்ரான் தொழிற்சாலை ஒன்று கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலேயே உள்ளது. அத்திரவந்தான் அதன் உயிர். அதன் ஆயுளின் எல்லையும் அதுவே. வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் இயங்கும்போது திரவம் சிறிது சிறிதாக வற்றுகிறது. வற்ற வற்ற இரண்டு கேடுகள் நேர்கின்றன. மண் படிந்த அணையைப்போல் கொள்ளளவு குறைகிறது. துருப்பிடித்த மதகைப்போல் உள்தடை கூடுகிறது. தேக்கிய மின்னேற்றத்தை வேண்டிய கணத்தில் வெளிவிட முடியாமற் போகிறது.

குளிர் உள்ளே நுழைவது இங்கேதான். திரவம் ஆறியிருக்கும்போது அயனிகள் அதனூடே எளிதில் நகர்வதில்லை. உள்தடை மேலும் ஏறுகிறது. புதிய மின்தேக்கிக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. வற்றிய மின்தேக்கிக்கோ விடியலின் சில பாகை வெப்பக் குறைவே போதும், அது எல்லையைக் கடந்துவிடும். மின்னழுத்தங்கள் நிலைபெற்ற பிறகு மின்வழங்கி தாய்ப்பலகைக்கு 'எல்லாம் சரி' என்று ஒரு குறிப்பை அனுப்ப வேண்டும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் பாதி நொடிக்கும் இடைப்பட்ட காலத்தில் அது வருவது முறை. குறிப்பு வராதவரை செயலி கட்டி வைக்கப்பட்டிருக்கும். விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடந்ததன் பொருள் இதுதான். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மின்தேக்கிகள் சற்றே சூடேறும். உள்தடை சற்றே இறங்கும். நான்காம் முறையில் குறிப்பு வந்துவிடும். பிறகு நாள் முழுவதும் கணினியின் வெப்பமே அதனைக் காப்பாற்றும்.

இதே நிலை வேறு காரணங்களாலும் வரக்கூடும். பற்றாசு வைத்த இணைப்பில் மயிரிழை போன்ற விரிசல் இருந்தால், உலோகம் ஆறிச் சுருங்கும்போது திறந்தும், சூட்டில் விரியும்போது மூடியும் இதே ஆட்டத்தை ஆடும். ஆயினும் பழைய கணினிகளில் முதலில் ஐயப்பட வேண்டியது மின்தேக்கியையே.

மின்தேக்கியின் ஆயுளைக் கணக்கிடப் பொறியாளர் கையாளும் எளிய விதி ஒன்று உண்டு. வெப்பம் 10 செல்சியசு குறையுந்தோறும் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும். 105 செல்சியசில் 2000 மணி நேரம் தாங்கும் என்று மேலே அச்சிட்ட மின்தேக்கி, 65 செல்சியசில் 32000 மணி நேரம் தாங்கலாம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் இயங்கினால் அது 4000 நாள், அதாவது ஏறத்தாழ 11 ஆண்டு. பூக்கடைக்காரர் பழையதாக வாங்கிய கணினிக்கு வயது அதற்கு அருகில் வந்திருந்தது. மேலும் அதன் மின்வழங்கியின் காற்றுத் துளைகள் தூசியால் அடைந்திருந்தன.

ஆயுள் முடியுமுன்னே மின்தேக்கிகள் கூட்டமாகச் செத்த காலமும் உண்டு. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை விற்ற கணினிகள் பலவற்றில் மின்தேக்கிகள் சில ஆண்டுகளிலேயே தலை வீங்கி வெடித்தன. திரவத்தின் கலவை பிழையாக இருந்ததே காரணம். உள்ளே வளி உண்டாகித் தகரத் தலையை மேலே தள்ளியது. உலகெங்கும் பெரிய நிறுவனங்களின் கணினிகளும் இதற்குத் தப்பவில்லை. அதன்பின் தாய்ப்பலகைகளில் திரவமற்ற திண்ம மின்தேக்கிகள் பெருகின. மின்வழங்கிகளுக்குள் திரவ வகையே இன்றும் மிகுதி.

கடையில் ஓர் இரவு

பாறசாலைச் சந்தைக்கருகில் சிறு கடை வைத்திருந்த பழுது பார்ப்பவரிடம் தந்தையும் மகளும் இம்முறை குறிப்பேட்டையும் எடுத்துச் சென்றனர். அவர் கணினியைத் தொடவில்லை. முதலில் ஏட்டைப் படித்தார்.

"இதை எழுதியது யார்?"

"நான்தான், அண்ணா."

"நல்லது, மோளே. கணினி இன்று இரவு இங்கேயே இருக்கட்டும். காலை ஆறு மணிக்கு நான் வந்து அழுத்துகிறேன். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் இது பொய் சொல்லும்."

மறுநாள் காலையில் அவருக்கும் நான்கு முறை ஆயிற்று. அதற்கு மறுநாள், நல்ல நிலையில் உள்ளதென்று தாம் அறிந்த வேறொரு மின்வழங்கியை இணைத்து வைத்து, ஆறு மணிக்கு அழுத்தினார். ஒரே முறையில் எழுந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. பழைய மின்வழங்கியை மீண்டும் இணைத்து இன்னோர் இரவு விட்டுவைத்தார்; கோளாறு திரும்பி வந்தது. மாற்றினால் போவதும் திரும்ப வைத்தால் வருவதும் ஆகிய இரண்டையும் கண்ட பிறகே அவர் விலை சொன்னார். முழுக் கணினியையும் மாற்றும் செலவில் அது ஒரு சிறு பங்கு.

பழைய மின்வழங்கியை அவரே திறந்து காட்டினார். இதனை மாணவர்களோ பெற்றோரோ செய்தல் கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கித் தேக்கும் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. அவர் அதனை முறைப்படி இறக்கிய பின்னரே கை வைத்தார். உள்ளே, வெளியீட்டுப் பக்கத்தில் நின்ற இரண்டு மின்தேக்கிகளின் தலைகள் சட்டியில் உப்பிய ஆப்பம்போல் மேடிட்டிருந்தன. மற்றவற்றின் தலைகள் சமமாக இருந்தன. தாய்ப்பலகையில் குறை ஏதும் இல்லை. அதனை மாற்றியிருந்தால், அத்தனை செலவுக்குப் பின்னும் காலையில் திரை இருண்டே கிடந்திருக்கும்.

ஓணக் கடனில் கடைசித் தொகை கார்த்திகையில் வந்து சேர்ந்தது. சட்டைப் பையிலிருந்த தாள் மடிப்புகளில் கிழிந்துபோயிருந்தது. மகள் குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதினாள். மார்கழி பிறந்து, அவ்வாண்டின் மிகக் குளிர்ந்த விடியலில் ஆச்சி போர்வையை விட்டு எழாமல் கிடந்த காலையிலும், 'எத்தனை முறை' என்னும் பகுதியில் அவள் ஒன்று என்றே எழுதினாள்.

சொல்லும் பொருளும்

மின்தேக்கி – மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்து வெளிவிடும் உறுப்பு
மின்வழங்கி – சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பெட்டி
தாய்ப்பலகை – கணினியின் உறுப்புகள் அனைத்தையும் இணைக்கும் பலகை
மதகு – அணை, ஏரி ஆகியவற்றில் நீரைத் திறந்துவிடும் வாயில்
பற்றாசு – உருக்கி ஊற்றி உலோகங்களை ஒட்டப் பயன்படும் கலவை
பற்று வரவு – கொடுக்கல் வாங்கல் கணக்கு
அணித்தான – அருகிலுள்ள

பயிற்சி

1. நண்பகலில் கடைக்குச் சென்ற கணினி ஏன் கோளாறின்றி இயங்கியது?

2. மகள் செய்த மூன்று சோதனைகளுள் இரண்டாவது சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால், எதனை அறிய முடியாமற் போயிருக்கும்?

3. பழுது பார்ப்பவர் பழைய மின்வழங்கியை மீண்டும் இணைத்துப் பார்த்தது ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.

4. பாடத்தில் கூறிய விதிப்படி, அதே மின்தேக்கி 75 செல்சியசில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இயங்கினால் எத்தனை நாள் தாங்கும்?

5. பிரித்து எழுதுக: நாள்தோறும், தாய்ப்பலகை, அவ்வெண், காலையிலேயே.

6. 'எழுந்தது', 'விழித்தது', 'முரண்டு பிடித்தது' என உயிர்களுக்குரிய வினைகள் இப்பாடத்தில் கணினிக்கு வருகின்றன. இத்தகைய வேறு இரண்டு வினைகளைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

7. வீட்டில் சில வேளைகளில் மட்டும் தொல்லை தரும் பொருள் ஒன்றை (மிதிவண்டி, மின்விசிறி, தண்ணீர்க் குழாய் போன்றது) தேர்ந்துகொள்க. ஏழு நாள்களுக்குக் குறிப்பேடு எழுதுக. என்னென்ன பகுதிகள் வேண்டும் என்பதை முதலில் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தமிழில் கேட்டு முடிவு செய்க.